வேலிக்குள்ளால் ஒரு வழி

கல்முனைக்குடிக்கு அந்த நாளில் இரண்டு வரைபடங்கள் இருந்தன. ஒன்று ஆண்களுடையது. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டை, நடுவில் மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் பஸ் ஓடும் பெரிய றோட்டு, அதிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கைகள், பள்ளிவாசல், சந்தை, தேத்தண்ணிக் கடை, மீன் வாடி. அரசாங்கம் அச்சடித்ததும் இந்த வரைபடத்தைத்தான். மற்றது பெண்களுடையது. அதை யாரும் வரையவில்லை. அதில் றோட்டே கிடையாது. ஒரு குசினி, ஒரு கிணத்தடி, ஒரு கோழிக்கூடு, வேலியில் ஓர் ஆள் சரிந்து நுழையக்கூடிய இடைவெளி, அதற்கு அப்பால் இன்னொரு குசினி, இன்னொரு கிணத்தடி. ஊரின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரை இப்படியே போகலாம்.

என் மூத்தம்மா போவா. காலையில் சுபஹு தொழுது, முற்றத்து மணலைக் கூட்டி முடித்தபின் புறப்பட்டால் லுஹர் பாங்குக்கு முன் நாலு வீட்டுச் செய்தியோடும் மடியில் கொஞ்சம் முருங்கைக்கீரையோடும் திரும்பிவிடுவா. ஒழுங்கையைக் குறுக்கே கடக்கிற இரண்டு மூன்று எட்டைத் தவிர, அவ தெருவில் கால் வைப்பதில்லை. அந்த இரண்டு எட்டுக்கு மட்டும் சாரியின் முட்டாக்கை இழுத்துவிட்டுக் கொள்ளுவா. அடுத்த வேலிக்குள் நுழைந்ததும் அது தோளுக்கு இறங்கிவிடும்.

வேலி என்றால் கிளுவைக் கதியால் நட்டு, கிடுகு வைத்து, கயிறு போட்டு இறுக்கிய வேலி. மாரிக்கு முன்னம் வருடாவருடம் கிடுகு மாற்றுவார்கள். மாற்றும்போது பழைய இடைவெளியை யாரும் அடைப்பதில்லை. வேலி கட்ட வரும் ஆளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். இரண்டு கதியாலுக்கு நடுவில் நிலம் வழுவழுவென்று இறுகிக் கிடக்கும், பக்கத்துக் கதியால் தோள் உரசி மினுங்கும். அதைப் பார்த்தே அவன் கிடுகை ஒதுக்கிக் கட்டிவிட்டுப் போவான். எவ்வளவு கறாரான காணிச் சண்டை நடக்கிற வளவிலும் அந்த வழி மட்டும் திறந்து கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். வாப்பாமார் இருவரும் முகம் பார்ப்பதில்லை. அவர்களின் பெண்சாதிமார் இருவரும் அந்த வழியால் இறைச்சிக் கறி பரிமாறிக்கொண்டிருப்பார்கள்.

இதற்குக் காரணம் எங்கள் ஊரின் கலியாண முறை. அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம்களிடையே மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து சேருவான். வீடு பெண்ணுக்குரியது. மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்தால் இருக்கிற வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் மிச்சப் பிள்ளைகளோடு அதே வளவின் மூலையில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு முடிந்தால் அதுவும் போகும். கடைசி மகளின் வீட்டில்தான் பெரும்பாலும் கிழவன் கிழவியின் மௌத்து. இப்படி இரண்டு மூன்று தலைமுறை ஓடினால் ஒரு வளவு நாலு வளவாகப் பிரியும். நாலிலும் இருப்பது ஒரே உம்மாவின் பெண்மக்களும் அவர்களின் பெண்மக்களும்தான். குடி என்ற வம்சமும் தாய் வழியாகவே வரும். பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருப்பார். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் இருக்கும் தமிழர்களுக்கும் இதே தாய்வழிக் குடிமுறை உண்டு. 1970களில் அக்கரைப்பற்றில் தங்கியிருந்து ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இரண்டு சமூகத்தையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நாங்கள் புட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஒற்றுமையை அதிகம் சொல்வதில்லை. உணவை விட வீட்டில்தான் நாங்கள் ஒன்றாக இருந்தோம்.

ஆகவே வேலி என்பது அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் போட்ட கிடுகு. அதில் வழி இல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

சின்னப் பையன்களுக்கு இரண்டு வரைபடத்திலும் ஓட அனுமதி இருந்தது. கடலுக்குப் போய் மீன் வாங்கிவா என்றால் தெருவால் ஓடுவேன். வாங்கியதில் பாதியைப் பெரியம்மா வீட்டில் கொடு என்றால் வேலிக்குள்ளால் ஓடுவேன். பதினொன்று பன்னிரண்டு வயது ஆனபோது ஒரு நாள் சாச்சி வீட்டுக் கிணத்தடிப் பக்கம் நுழைந்தவனைப் பார்த்து உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "ஆரு மனெ அது? இனி செருமிப் போட்டு வா." கோபமான குரல் இல்லை. ஆனால் அன்றோடு ஒரு வரைபடம் என் கையை விட்டுப் போனது. அதற்குப் பிறகு நானும் வாப்பாவைப் போல வளவுக் கடப்படியில் நின்று செருமக் கற்றுக்கொண்டேன். உள்ளே சலசலப்பு எழும், முட்டாக்குகள் ஏறும், பிறகு "வா" என்று சத்தம் வரும். இன்றைக்குக் கேற்றில் மணி வைத்திருக்கிறார்கள். மணி ஆளைச் சொல்லாது. செருமல் ஆளைச் சொல்லும். யாருடைய செருமலுக்கு யார் ஒதுங்க வேண்டும், யாருக்கு ஒதுங்க வேண்டியதில்லை என்பது குசினியில் இருக்கிற சின்னப் பெண்ணுக்கும் தெரியும்.

வீட்டை எப்படிக் கட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் பின்னாளில் கட்டாரில் வீட்டுப் படம் வரையும் வேலையில் இருந்தவன். அங்கே படம் முதலில், கட்டடம் பிறகு. எங்கள் ஊரில் பெண்பிள்ளை முதலில். பிள்ளை நடக்கத் தொடங்கும்போது வாப்பா அத்திவாரம் வெட்டுவார். வேளாண்மை நன்றாக வந்த வருடம் சுவர் இடுப்பளவு எழும்பும். அடுத்த இரண்டு போகம் பிழைத்தால் அப்படியே நின்று பாசி பிடிக்கும். பிள்ளை பெரிய பிள்ளையானதும் அவசரம் தொடங்கும். ஓடாவியைப் பிடித்துக் கூரை மரம் ஏற்றுவார்கள். பேச்சுவார்த்தை ஒப்பேறினால்தான் பூச்சு. விறாந்தைக்குச் சிவப்புச் சீமெந்து போட்டு, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து மினுக்கினால் ஊருக்கே விளங்கும், அந்த வீட்டில் கலியாணம் இரண்டு கிழமைக்குள். பாதிச் சுவரில் நின்ற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. "அது ஆருட ஊடு?" என்று கேட்டால் கட்டுகிற வாப்பாவின் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் பெயரைச் சொல்வார்கள்.

இதன் பாரம் எவ்வளவு என்று பிறகுதான் விளங்கியது. கைக்கூலியும் வீடும் சேர்த்துக் கேட்கிற மாப்பிள்ளைமார் எங்கள் ஊரில் குறைவில்லை. 1977க்குப் பிறகு நாடு திறந்துவிடப்பட்டு, மத்திய கிழக்குக்கு ஆட்கள் போகத் தொடங்கியதும், மகளின் சுவரை உயர்த்த உம்மாவே குவைத்துக்கும் சவூதிக்கும் பணிப்பெண்ணாகப் போன குடும்பங்கள் எத்தனையோ. அந்த வீடுகளில் சீமெந்துக்குக் குறைவில்லை. அதைக் குழைத்த பணத்தின் கதையை வீட்டுக்குள் யாரும் பேசுவதில்லை.

இந்த வளவு எங்களை எப்படிப்பட்ட ஆட்களாக ஆக்கியது? தனியாக இருக்கத் தெரியாத ஆட்களாக ஆக்கியது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலிக்குள்ளால் மூன்று கை வரும். அடுப்பு மூட்டவில்லை என்றால் புகை வராததைப் பார்த்தே பக்கத்து வளவுக்குத் தெரிந்துவிடும். ஒரு கோப்பை கஞ்சி, காரணம் கேட்காமல், வந்து சேரும். பிள்ளை பெற்றவள் நாற்பது நாளும் கை நனைக்க வேண்டியதில்லை. புருஷன் கை ஓங்குகிற வீடுகளும் இருந்தன. ஓங்கினவன் அடுத்த நிமிஷம் மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும், மச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் அந்த வளவில் வந்தேறி. பெண்ணுக்குத் தன் நிலத்தில் தன் ஆட்கள் நடுவே நிற்கிற தைரியம் இருந்தது. இலங்கையின் வேறு பக்கங்களில் கலியாணம் முடித்துப் போன பெண்களோடு பேசும்போது இந்த வித்தியாசத்தை உணர்ந்திருக்கிறேன்.

இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதே கிடுகுக்கு நூறு கண் இருந்தது. கடிதம் எழுதிய பெண்பிள்ளை, படிக்கவென்று வெளியூர் போக ஆசைப்பட்டவள், மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொன்னவள் எல்லோரையும் அந்தக் கண்கள்தான் முதலில் பிடித்தன. நாலு குசினியிலும் ஒரே அபிப்பிராயம்தான் வேகும். அதற்கு மாறாக ஒருத்தி பேசினால் அவளுடைய வழியில் கறிச்சட்டி வருவது நின்றுவிடும். ஏசுவதை விட அது பெரிய தண்டனை. மாப்பிள்ளைமாரின் பாடும் இலேசு இல்லை. என் சாச்சா ஒருவர் கலியாணம் முடித்துப் பல வருடம் வரை வீட்டின் பின்பக்கத்துக்கு வந்ததே கிடையாது. விறாந்தையில் இருப்பார், சாப்பாடு விறாந்தைக்கு வரும், பள்ளிக்குப் போவார், வருவார். தனக்கென்று ஓர் இடம் அவருக்கு இருந்ததென்றால் அது கடற்கரையில் மீன் வாடியின் நிழல்தான்.

இடம் ஆட்களை இப்படி ஆக்குவது எங்கள் ஊரில் மட்டும் இல்லை. 1950இல் லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கேர்ட் பாக் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கலியாணமான மாணவர்களுக்குக் கட்டிய குடியிருப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். யாரோடு உங்களுக்குச் சிநேகம் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். அடுத்த கதவுக்காரரோடு சிநேகமானவர்கள் 41 வீதம். அதே மாடியின் மறு தலைப்பில் இருப்பவரோடு 10 வீதம். படிக்கட்டு எங்கே இருக்கிறது, வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் யார் யாருக்கு நண்பராவார் என்பதைத் தீர்மானித்திருந்தன. முற்றத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து வாசல் வைத்த வீட்டுக்காரருக்கு நண்பர்கள் குறைவு. அந்த நூலில் இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்தவர்களுக்கு ஒரே அபிப்பிராயம் உண்டாகிறது, மாறுபட்டவர் ஒதுக்கப்படுகிறார். வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கறிச்சட்டி நின்றுபோகிற கதையை மூன்று பேராசிரியர்கள் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு வேறுபாடு மட்டும் முக்கியம். அங்கே முன்பின் தெரியாதவர்களைக் கதவுகள் நண்பர்களாக்கின. எங்கள் ஊரில் சகோதரிகள் தங்களுக்குத் தோதாக வழிகளை வைத்துக்கொண்டார்கள்.

ஆண்களின் வரைபடத்திலும் ஆட்களைச் சேர்த்து வைக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. பள்ளிவாசல் ஹவுழ். நீண்ட சதுரத் தொட்டி, அதில் நாலைந்து மீன், சுற்றிவரத் தாழ்வான கட்டு. ஒழு எடுக்க வருகிறவர்கள் நாலு பக்கமும் குந்துவார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் முகம் நேரே தெரியும். கடன் வாங்கியவர் கொடுத்தவரைப் பார்த்தே ஆகவேண்டும். பேசாமல் இருக்கிற மச்சினன்மார் இருவர் ஒரே தண்ணீரில் கை நனைக்க வேண்டும். எத்தனையோ பகை அந்தக் கட்டில் வைத்துச் சலாம் சொல்லி முடிந்திருக்கிறது. பிறகு சுகாதாரம் என்று சொல்லி ஹவுழ்களை மூடிப் பைப் வரிசை வைத்தார்கள். சுத்தத்துக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பைப்பின் முன்னால் இருக்கிறவன் சுவரைப் பார்த்துத்தான் இருப்பான். பக்கத்தில் இருப்பவன் யாரென்று தெரியாமலே ஒழு எடுத்துத் தொழுது வீட்டுக்குப் போய்விடலாம்.

மதில் எப்போது வந்தது என்றால், கட்டார்ப் பணத்தோடு வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. வெளிநாடு போனவனுக்குத் தன் பணத்தை ஊருக்குக் காட்ட இருந்த முதல் இடம் மதிலும் கேற்றும். உள்ளே ஹோலுக்குப் பூச்சில்லாத வீட்டுக்கும் முன்னால் ஆளுயர மதில் எழும்பியதை நான் கண்டேன். மறுபாதிக் காரணம் பயம். 1985 ஏப்ரலில் எங்கள் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மோதிக்கொண்டன. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சன்னத் துளைகளை மீராஜும்ஆப் பள்ளியின் சுவரில் இன்றும் மூடாமல் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கிடுகுக்குப் பின்னால் யாருக்கும் நித்திரை வரவில்லை. சீமெந்துக் கல் ரவையைத் தடுக்கும் என்று நம்பினோமா தெரியாது. எழுப்பினோம்.

மதில் கட்டிய மேசன்மார் வெளியூர்க்காரர். அவர்களுக்கு அந்த வழி தெரியாது. தெரிந்தாலும் கொங்கிறீட்டில் வழி விடுவதென்றால் நிலை வேண்டும், கதவு வேண்டும், பூட்டு வேண்டும். கிடுகில் ஒரு சதமும் செலவில்லாமல் இருந்தது மதிலில் செலவாக மாறியது. அக்கா தங்கச்சி இருவரும் மதிலின் இரண்டு பக்கமும் கதிரை போட்டு ஏறி நின்று கதைத்த காலம் ஒன்று கொஞ்ச நாள் இருந்தது. வயது போனதும் கதிரையில் ஏற முடியவில்லை. பிறகு போக வேண்டுமென்றால் முன் கேற்றால் இறங்கி, ஒழுங்கையில் நடந்து, அடுத்த கேற்றில் மணி அடித்துப் போக வேண்டியதாயிற்று. பத்து அடித் தூரம் தெருப் பயணமாகிவிட்டது. தெருப் பயணம் என்றால் உடுப்பு மாற்ற வேண்டும். எங்கள் பெண்கள் அபாயாவுக்கு மாறியதற்கு மார்க்க விளக்கம், மத்திய கிழக்குத் தொடர்பு என்று பல காரணம் சொல்கிறார்கள், சரிதான். மதிலும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அதை யாரும் எழுதக் காணோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், சுனாமி வந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. இலங்கையில் கூடுதலான உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். கடற்கரைப் பள்ளியைச் சுற்றிய வளவுகளில் வேலியும் இல்லை, மதிலும் இல்லை, வீடும் இல்லை. நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஆட்கள் கிணற்றை வைத்துத்தான் தங்கள் வளவை அடையாளம் கண்டுகொண்டிருந்தார்கள். மணலுக்கு நடுவே வட்டமாக ஒரு கட்டு, உள்ளே உப்புத் தண்ணீர். "இது ராத்தாட கிணறு, அப்ப இது எங்கட குசினி" என்று ஒருத்தி காலால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தா. பெண்களின் வரைபடம் வெட்டவெளியில் வரையப்பட்டதை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

பிறகு மீற்றர்க் கணக்கு வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நாடாவாகக் கிடக்கிற ஊரில் 200 மீற்றரை வெட்டினால் மிச்சம் என்ன? சத்தம் எழுந்ததும் கணக்குத் தளர்ந்தது. எங்கள் பக்கத்தில் 65 என்று வந்து நின்றது. மருதமுனையில் ஒரு குடியேற்றத்தின் பெயரே இன்றைக்கு 65 மீற்றர் வீட்டுத் திட்டம்தான். அங்கே பிறந்த பிள்ளைக்கு ஊர்ப் பெயர் ஓர் அளவு. கல்முனைக்கு மேற்கே வயல் பக்கமாக கிறீன் பீல்ட் மாடி வீடுகள் எழும்பின. சாய்ந்தமருதில் தென்னமெரிக்க விடுதலை வீரர் சிமோன் பொலிவாரின் பெயரில் ஒரு கிராமம் உண்டானது, ஊர் வாயில் அது வொலிவேரியன்.

என் சின்னச் சாச்சிக்கும் இப்படி ஒரு திட்டத்தில் வீடு கிடைத்தது. எந்தத் திட்டம் என்பது முக்கியமில்லை. நாலு சகோதரிகள் ஒரே வளவில் இருந்தவர்கள். உயிர் தப்பிய மூவருக்கும் மூன்று இடத்தில் இலக்கம் விழுந்தது. நான் பார்க்கப் போனபோது சாச்சி ஒரு மேசனை வைத்துக் கக்கூஸ் கொமட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தா. படம் வரைந்தவர் அதைக் கிப்லாவைப் பார்க்க வைத்திருந்தார். மேற்கே கஃபா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்ததாகக் குசினி. ஹோலை ஒட்டியே ஒரு சின்ன அறை, சிமினி கிடையாது, ஜன்னல் பக்கத்து வீட்டு முன்வாசலைப் பார்த்தது. விறகு வைத்தால் வீடு முழுக்கப் புகை, வைக்காவிட்டால் காஸுக்குப் பணமில்லை. சாச்சி அந்த அறையில் நெல் மூட்டையை அடுக்கிவிட்டு, பின்னால் சீற் சாய்த்து அடுப்பு வைத்திருந்தா. அந்த வரிசையில் இருந்த வீடுகள் பலவற்றின் பின்னாலும் அப்படி ஒரு சாய்ப்பு நின்றது.

"ஊடு நல்ல ஊடுதான் மனெ. கதவத் தொறந்தா றோட்டுதான் இரிக்கி. ஆருட ஊடும் இல்ல" என்றா.

உறுதி விஷயம் இன்னும் சிக்கல். உம்மா கொடுத்த வீடு சாச்சியின் பெயரில் இருந்தது. குடும்பத் தலைவர் என்ற அரசாங்கப் படிவத்தின்படி புதிய வீடு சாச்சாவின் பெயருக்கு வந்தது. கிழக்கு முழுக்க இப்படி நடந்தது. பெண்ணின் சொத்தாக நூறு வருடம் இருந்தது ஒரு கையொப்பத்தில் ஆணின் சொத்தாயிற்று. மெக்கில்வ்ரேயும் பற்றிசியா லோறன்ஸும் சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து இதையே ஆராய்ந்தார்கள். கிடைத்த வீட்டையும் எந்த மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம் என்று பெற்றோர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். சாச்சாவும் அதைத்தான் செய்தார். விறாந்தையை விட்டு உள்ளே வராத மனிதர், தன் பெயருக்கு வந்த வீட்டை இரண்டாம் வருடமே மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி விறாந்தைக்கு வந்து உட்கார்ந்தார்.

2019 ஏப்ரல் 26 இரவு நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. ஈஸ்டர் குண்டுகள் வெடித்து ஐந்தாம் நாள். சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமத்தில் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீட்டில் குண்டு வைத்தவர்களின் கும்பல் ஒளிந்திருந்தது. படையினர் சுற்றி வளைத்தபோது 6 குழந்தைகள் உட்பட 15 பேர் அங்கே செத்துப் போனார்கள். பழைய வளவில் முன்பின் தெரியாத குடும்பம் ஒன்று வாடகைக்கு வர இடமே இல்லை; வீடு என்பது மகளுக்குரியது, வாடகைக்குரியது இல்லை. முகம் தெரியாத வரிசை வீடுகளில்தான் அது முடிந்தது. அதே நேரம், புதிதாக வந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னவர்களும் ஊர்க்காரர்தான். கிடுகின் கண் மதிலுக்குப் பின்னாலும் முழுதாக மூடிவிடவில்லை. நான் குறை சொல்லிவந்த கண் அது.

சுனாமி வீடுகளைக் கட்டியவர்களிடம் கேட்டால், அவசரத்தில் ஆயிரக்கணக்கில் கட்டும்போது கிப்லா எந்தப் பக்கம், குசினி எங்கே என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பார்கள். இந்த நாட்டிலேயே கேட்டுக் கட்டிய ஒருவர் இருந்தார். மினெட் டி சில்வா, இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். 1950களில் கண்டி வட்டப்புளுவையில் அரச ஊழியருக்கு வீட்டுத் திட்டம் அமைத்தபோது, குடிவரப் போகும் சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்களிடம் எப்படிச் சமைப்பீர்கள், எங்கே கும்பிடுவீர்கள், எங்கே தொழுவீர்கள், விருந்தாளியை எங்கே இருத்துவீர்கள் என்று கேட்டு, அதற்கேற்ப வீட்டு மாதிரிகளை வகுத்தார். அதற்கு ஐம்பது வருடம் பிந்தி, அவரை விடப் பல மடங்கு பணத்தோடு வந்தவர்கள் எங்களிடம் கேட்டது அடையாள அட்டை இலக்கத்தை.

கேட்காமல் கட்டியதன் பெரிய உதாரணம் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் இருக்கிறது. சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை எல்லாம் கட்டி முடித்தார்கள். யாருக்குக் கொடுப்பது, எந்த இனத்துக்கு எத்தனை வீதம் என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், ஆள் ஏறாமல் பற்றை மூடிப் பல வருடம் கிடந்தது. நான் போய்ப் பார்த்தபோது, தொழில்காரனின் கண்ணுக்கு, குறை சொல்ல முடியாத வேலை. சுவர் நேர், மட்டம் நேர், ஒரே மாதிரி வீடுகள் ஒரே இடைவெளியில். எந்த வீட்டின் பின்கதவும் இன்னொரு வீட்டின் பின்கதவைப் பார்க்கவில்லை. சாவி கொடுத்தாலும் அங்கே ஓர் ஊர் உண்டாக இன்னும் இரண்டு தலைமுறை வேண்டும்.

கல்முனையில் நிலம் இல்லை. சாய்ந்தமருதில் அதை விட இல்லை. இனி எழும்பப் போவது மாடி வீடுகள்தான், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். படம் போட வருகிற எஞ்சினியர்மாருக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. காணி அளந்த பிறகு, கோடு கீறுவதற்கு முன்னம், குடிவரப் போகிற உம்மாமாரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கட தங்கச்சிக்கு எந்த வீடு? அதற்குப் பக்கத்து இலக்கத்தை அவவுக்குக் கொடுங்கள், நடுச்சுவரில் ஒரு கதவுக்கு இடம் விடுங்கள். கதவை அவர்கள் தங்கள் பணத்தில் போட்டுக்கொள்வார்கள்.